வெளிநாட்டுல கார் முன் கண்ணாடி மாத்தப் போறீங்களா? கண்ணாடியை விட பசையை கவனிங்க

அம்பத்தூர்ல நம்ம பட்டறைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு அண்ணனோ தங்கச்சியோ மகனோ வெளிநாட்டுல இருக்காங்க. அங்க கார் கண்ணாடியில கல் பட்டுட்டா போட்டோ எடுத்து இவங்களுக்கு அனுப்புவாங்க, இவங்க எனக்கு அனுப்புவாங்க. அமெரிக்காவுல கொஞ்ச வருஷம் இதே கண்ணாடி வேலை பார்த்துட்டு சென்னை திரும்பினவன் நான். அதனால கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொன்னதை, புதுசா போனவங்க எல்லாருக்கும் உதவட்டும்னு இங்க மொத்தமா எழுதுறேன்.

நம்ம ஊர்ல இருந்து கூடவே எடுத்துட்டுப் போற ஒரு நினைப்பு இருக்கு: "கண்ணாடி மாத்துறது அரை மணி நேர வேலை, முடிஞ்சதும் வண்டியை எடுத்துட்டுக் கிளம்பலாம்." இது அம்பாசிடர், பத்மினி காலத்துக் கணக்கு. அப்போ கண்ணாடியை ரப்பர் பீடிங்ல மாட்டினாங்க. பீடிங் பள்ளத்துல கயிறைச் சுத்திவிட்டு, ஒருத்தர் வெளியில இருந்து கண்ணாடியை அழுத்த, இன்னொருத்தர் உள்ள உக்காந்து கயிறை உருவ, ரப்பர் ஓரம் தகரத்து மேல ஏறி உக்காரும். காய வேண்டியது எதுவும் கிடையாது. இன்னைக்கு கார்ல கண்ணாடி பாடியோட பாலியூரித்தேன் பசையால ஒட்டப்படுது. அந்தப் பசை காயுற வரைக்கும் உங்க காருக்கு முன்பக்கம் முழுசா இல்லைன்னே வெச்சுக்கோங்க.

காரணம் இதுதான். நிறைய கார்கள்ல பக்கத்து சீட்டு ஏர்பேக் டாஷ்போர்டுல இருந்து மேல் நோக்கி வெடிச்சு, முன் கண்ணாடியில சாஞ்சுதான் ஆள் பக்கம் திரும்பும். கண்ணாடி பிடிப்பு இல்லாம இருந்தா ஏர்பேக் அதைத் தள்ளிட்டு வெளியே போயிடும், உக்காந்திருக்கறவங்களுக்குத் தாங்கல் கிடைக்காது. வண்டி உருண்டா கூரை நசுங்காம இருக்கறதுலயும் கண்ணாடிக்குப் பங்கு இருக்கு. அமெரிக்காவுல இதுக்குன்னே எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 212னு ஒரு விதி: மணிக்கு 48 கி.மீ. வேகத்துல சுவத்துல மோதினாலும் கண்ணாடி அது உக்கார்ற சட்டத்தை (ஃபிரேமை) விட்டுக் கழண்டுடக் கூடாதுன்னு காரை சோதிக்கிறாங்க. கம்பெனியில ஒட்டின கண்ணாடி அதுல பாஸ் ஆனது. கடையில ஒட்டுற கண்ணாடி அந்த அளவுக்கு நிக்கணும்னா அது முழுக்க முழுக்க ஒட்டுறவர் கையில இருக்கு.

அதனால கடைக்குப் போன் போட்டதும் விலைக்கு முன்னாடி நீங்க கேக்க வேண்டிய கேள்வி: "ஒட்டினதுக்கு அப்புறம் எத்தனை மணி நேரம் கழிச்சு ஓட்டலாம்?" இதுக்கு அங்க 'சேஃப் டிரைவ் அவே டைம்'னு பேரு. சில பசைக்கு ஒரு மணி நேரம் போதும், சிலதுக்குப் பல மணி நேரம் ஆகும். பசையோட பேரு, அன்னைக்கு வெயில், காத்துல ஈரம், எல்லாத்தையும் பொறுத்தது. இந்தப் பசை காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துத்தான் இறுகும். சென்னைப் புழுக்கத்துல அது சுறுசுறுப்பா வேலை செய்யும். மினசோட்டாவோ ஆல்பெர்ட்டாவோ ஜனவரியில, குளிரும் வறண்ட காத்தும் சேர்ந்து, அதே பசை ரொம்ப மெதுவா இறுகும். இதைக் கேட்டதும் "எப்ப வேணா எடுத்துக்கலாம் சார்"னு சொல்ற கடையா இருந்தா, வேற கடை பாருங்க. நல்ல கடைக்காரர் நேரம் சொல்லுவார், கேட்டா பில்லுலயும் எழுதித் தருவார். அமெரிக்காவுல 'ஆட்டோ க்ளாஸ் சேஃப்டி கவுன்சில்'ல பதிவு பண்ணின கடையான்னும் கேட்டுப் பாருங்க. அவங்களுக்கு வேலை முறைக்குன்னு எழுத்துல ஒரு தரம் இருக்கு.

அபார்ட்மென்ட் பார்க்கிங்குக்கே வந்து மாத்தித் தர்ற மொபைல் சர்வீஸ் இருக்கு. நல்ல வசதிதான், தாராளமா கூப்பிடுங்க. ஆனா அன்னைக்கு மழையோ பனியோ இருந்து, மேல கூரை இல்லைன்னா, "வேற நாள் வெச்சுக்கலாம்"னு நீங்களே சொல்லிடுங்க. ஒட்டுற இடத்துல தண்ணி பட்டா பிடிப்பு போச்சு. அவர் வந்துட்டாரேன்னு சங்கடப்படாதீங்க, அங்க தேதி மாத்துறது சகஜம்.

வேலை நடக்கும்போது கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. பழைய கண்ணாடியை அறுத்து எடுத்ததும் சட்டத்தைச் சுத்தி கறுப்பா பழைய பசை தெரியும். அதை முழுசா சுரண்டி எடுக்க மாட்டாங்க. ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் மெல்லிசா விட்டு சீவுவாங்க, புதுப் பசைக்கு அதுதான் நல்ல தளம். சீவும்போது கத்தி பட்டு பெயின்ட் போய் வெள்ளைத் தகரம் தெரிஞ்சா, அந்தக் கீறல்ல குச்சி நுனிப் பஞ்சால பிரைமர் தொட்டு வைக்கணும், அது காயுற வரைக்கும் காத்திருக்கணும். இந்த இடத்தைத்தான் நான் முதல்ல பார்ப்பேன். கீறலை அப்படியே விட்டு மேல பசையைப் போட்டா, வெளியில இருந்து எதுவும் தெரியாது. உள்ள துரு ஆரம்பிக்கும். பனிக்காலத்துல ரோட்டுல உப்பு கொட்டுற ஊர்ல அந்தத் துரு வேகமா ஓடும். துரு மேல நிக்கிற பசை, துருவோட சேர்ந்து பேந்து வந்துடும்.

அப்புறம் புதுக் கண்ணாடி. அதோட ஓரத்துல கறுப்புப் பட்டை இருக்கும். வெயில் நேரா பட்டுப் பசை கெட்டுப் போகாம காக்குறது அந்தப் பட்டைதான். அதைச் சுத்தம் பண்ணின பிறகு வெறும் கையால தொடவே கூடாது, விரல் எண்ணெய் போதும் பிடிப்பைக் கெடுக்க. பசையை துப்பாக்கியில வெச்சு முறுக்கு பிழியுற மாதிரி ஒரே சீரா, உயரமான முக்கோணமா, எங்கயும் விட்டுப் போகாம ஒரு சுத்து போடணும். நடுவுல நின்னுச்சுன்னா அந்த இடத்துலதான் பின்னாடி தண்ணி ஒழுகும். பசை டியூப்ல காலாவதித் தேதி அச்சடிச்சிருக்கும். "தேதி பார்க்கலாமா?"ன்னு கேட்டா நல்ல டெக்னீஷியன் சந்தோஷமா காட்டுவார்.

மாத்தறதுக்கு முன்னாடி, மாத்தத்தான் வேணுமான்னு பாருங்க. முன் கண்ணாடின்றது ரெண்டு கண்ணாடித் தகடு, நடுவுல பி.வி.பி.ன்ற பிளாஸ்டிக் படலம், வழக்கமா 0.76 மி.மீ. கனம். கல் பட்டா பொதுவா வெளித் தகடு மட்டும்தான் அடி வாங்கும். நாணயம் அளவு சின்னக் குழின்னா உள்ள ரெசின் செலுத்தி சரி பண்ணிடலாம், செலவும் ரொம்பக் கம்மி. ஓட்டுறவர் கண்ணுக்கு நேரா இருந்தாலோ, கண்ணாடி ஓரத்தைத் தொட்டாலோ, உள் தகடு வரைக்கும் போயிருந்தாலோ மாத்துறதுதான் சரி. பிரிட்டன்ல எம்.ஓ.டி.ன்ற வருடாந்திர வண்டிச் சோதனையில அளவே வெச்சிருக்காங்க: ஸ்டியரிங்குக்கு நேரா 290 மி.மீ. அகலத்துக்குள்ள, வைப்பர் துடைக்கிற பகுதியில 10 மி.மீ.க்கு மேல சேதம் இருந்தா ஃபெயில், வைப்பர் துடைக்கிற மத்த பகுதியில 40 மி.மீ.க்கு மேல போனா ஃபெயில். குழி விழுந்த உடனே மேல ஒரு டேப் ஒட்டிடுங்க, அழுக்கும் தண்ணியும் உள்ள போகாம இருந்தா ரிப்பேர் சுத்தமா வரும்.

குளிர் ஊருக்குப் போன சென்னைப் பிள்ளைங்களுக்கு இது ரொம்ப முக்கியம்: கண்ணாடியில உறைஞ்ச ஐஸை வெந்நீர் ஊத்தி கரைக்கவே கரைக்காதீங்க. குளிர்ந்த கண்ணாடி அந்தச் சூட்டைத் தாங்காம விரிசல் விட்டுடும். ஏற்கனவே சின்னக் குழி இருந்தா ஹீட்டரையும் முதல்லயே முழுசா வைக்காதீங்க. கம்மியா ஆரம்பிச்சு மெதுவா ஏத்துங்க, மீதியை ஸ்கிரேப்பரால சுரண்டுங்க.

இப்போ கேமரா. கடந்த சில வருஷத்துக் கார்கள்ல ரியர்வியூ மிரருக்குப் பின்னாடி, கண்ணாடியை ஒட்டி ஒரு கேமரா இருக்கும். லேன் மாறினா எச்சரிக்கிறது, தானா பிரேக் போடுறது எல்லாம் அதை நம்பித்தான். கண்ணாடி மாத்தினா அந்தக் கேமராவை மறுபடி காலிபரேட் பண்ணணும், அதாவது அது சரியான திசையில பார்க்குதான்னு அளந்து சரி பண்ணணும். கேமரா பார்வை ஒரே ஒரு டிகிரி விலகினா, 50 மீட்டர் தூரத்துல அது கிட்டத்தட்ட 87 செ.மீ. தள்ளிப் பார்க்கும். சில காருக்கு சமதளத்துல அட்டைப் பலகை வெச்சுப் பண்ணுவாங்க, சில காருக்கு கோடு தெளிவா இருக்குற ரோட்டுல ஓட்டிப் பண்ணுவாங்க, சிலதுக்கு ரெண்டும் வேணும். இதுக்கு அமெரிக்காவுல தனியா சில நூறு டாலர் ஆகலாம். விலை கம்மியா சொல்ற கடையில இது சேர்ந்திருக்கான்னு கேளுங்க, முடிஞ்சதுக்கான ரிப்போர்ட்டையும் வாங்கி வெச்சுக்கோங்க. பணம் மிச்சம்னு இதைத் தவிர்க்கிறதை நான் ஒருபோதும் ஒத்துக்க மாட்டேன். பிரேக் போட வேண்டிய நேரத்துல போடாத கார், அந்த வசதியே இல்லாத காரை விட ஆபத்து, ஏன்னா நீங்க அதை நம்பிட்டு இருப்பீங்க.

கம்பெனி கண்ணாடியா, வேற பிராண்டான்னு நிறைய பேர் கேக்குறாங்க. சாதா காருக்கு நல்ல பிராண்ட் எதுவும் போதும். ஆனா காரோட 17 இலக்க வி.ஐ.என். (வண்டி அடையாள) நம்பரைக் கொடுத்துத்தான் ஆர்டர் பண்ணச் சொல்லுங்க. மழை சென்சார், சத்தம் குறைக்கிற படலம், வைப்பர் அடியில சூடாக்குற கம்பின்னு ஒரே மாடலுக்குள்ளயே பல வகைக் கண்ணாடி இருக்கும். கண்ணாடியில வேகம் காட்டுற ஹெட்அப் டிஸ்ப்ளே இருந்தா அதுக்குன்னே செஞ்ச கண்ணாடிதான் வேணும், சாதாவை மாட்டினா எண்கள் ரெண்டு ரெண்டா தெரியும். மூலையில முத்திரையைப் பாருங்க: அமெரிக்காவுல 'ஏ.எஸ்.1'ம் டி.ஓ.டி. நம்பரும், ஐரோப்பாவுல வட்டத்துக்குள்ள 'ஈ' எழுத்தும் '43ஆர்'ன்ற குறியும் இருக்கணும்.

இன்ஷூரன்ஸ் விஷயத்துல நம்ம ஆளுங்க தேவையில்லாம பயப்படுறாங்க. இந்தியாவுல க்ளெயிம் போட்டா நோ க்ளெயிம் போனஸ் போயிடும், அது 20-ல இருந்து 50 சதவீதம் வரைக்கும் ஏறின சலுகை, அதனால கைக்காசைப் போட்டு மாத்திடுவோம். அந்தப் பயத்தை அங்கயும் கொண்டு போறாங்க. ஜெர்மனியில டைல்காஸ்கோன்ற பகுதிக் காப்பீட்டு பாலிசியில கண்ணாடி க்ளெயிம் போட்டா உங்க போனஸ் வகுப்பு குறையாது. பிரிட்டன்லயும் சிங்கப்பூர்லயும் பல பாலிசிகள்ல கண்ணாடிக்குன்னு தனிப் பிரிவு இருக்கு, சின்னத் தொகை கட்டினா போதும். அமெரிக்காவுல காம்ப்ரிஹென்சிவ் (மோதல் இல்லாத மத்த சேதத்துக்கான காப்பீடு) எடுத்திருக்கணும். ஃப்ளோரிடா, கென்டக்கி, சவுத் கரோலினா மூணு மாநிலத்துலயும் அது இருந்தா முன் கண்ணாடிக்கு டிடக்டிபிள் (க்ளெயிம்ல நீங்க கையில இருந்து கட்டுற பங்கு) கிடையாது, சட்டமே அப்படி. இதைத் தெரியாமலே கைக்காசு கொடுத்தவங்க இருக்காங்க. முதல்ல பாலிசியைப் படிங்க, இல்ல கம்பெனிக்குப் போன் போட்டு "க்ளாஸுக்கு எவ்வளவு கட்டணும், பிரீமியம் ஏறுமா"ன்னு நேரா கேளுங்க. அவங்க சொல்ற கடைக்குத்தான் போகணும்னு இல்ல, பெரும்பாலான மாநிலங்கள்ல கடையைத் தேர்ந்தெடுக்கிறது உங்க உரிமை.

பெட்ரோல் பங்க்லயும் கார் வாஷ்லயும் வந்து "உங்க கண்ணாடியில குழி இருக்கு, இலவசமா மாத்தித் தர்றோம், இங்க ஒரு கையெழுத்து"ன்னு சிரிச்சுப் பேசுறவங்க கிட்ட எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. அந்தக் காகிதம் உங்க க்ளெயிம் உரிமையை அவங்க பேருக்கு மாத்துறதா இருக்கலாம். ஃப்ளோரிடாவுல இந்த மாதிரி எழுதி வாங்குறதையும் பரிசுக் கூப்பன் கொடுத்து ஆள் பிடிக்கிறதையும் 2023-ல சட்டம் போட்டுத் தடை பண்ணினாங்க. ஊருக்குப் புதுசுன்னு பேச்சுலயே கண்டுபிடிச்சுடுவாங்க, மரியாதைக்காக நாம தலையாட்டிடுவோம். "வேண்டாம், நன்றி"ன்னு சொல்லிட்டு நகருங்க.

பழைய கண்ணாடியில இருந்த இன்ஸ்பெக்ஷன் ஸ்டிக்கர், டோல் டேக், ஜெர்மனியில புகை அளவுக்கான பச்சை ஸ்டிக்கர் (பிளாக்கெட்), எது எதைத் திரும்ப வாங்கணும்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

ஒட்டி முடிச்சதும் மேல டேப் போட்டிருந்தா அடுத்த நாள் வரைக்கும் பிரிக்காதீங்க. முதல் நாள் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைங்க, கதவை அறைஞ்சு சாத்தாதீங்க. மூடின காருக்குள்ள காத்து அழுத்தி ஈரப் பசையை நகர்த்திடும். பிரஷர் வாஷ் ரெண்டு நாளைக்கு வேண்டாம். அதுக்கப்புறம் சாதாரண ஹோஸ்ல மேல இருந்து தண்ணி விட்டு, ஒருத்தர் உள்ள உக்காந்து டாஷ்போர்டு ஓரத்தையும் கால்மிதிக்கு அடியிலயும் தொட்டுப் பாருங்க. ஹைவேல போகும்போது ஓரத்துல இருந்து விசில் சத்தம் வந்தாலும், உள்ள ஈரம் பட்டாலும், சிலிக்கானை வெளியில பூசி அடைக்க விடாதீங்க. வாரன்ட்டி காகிதத்தோட அதே கடைக்குப் போய், கண்ணாடியை எடுத்துத் திரும்ப ஒட்டித் தரச் சொல்லுங்க.