மூன்றாம் மாடிச் சன்னலுக்குக் கீழே மறுபடியும் அதே கறை

சாவிக்கொத்து:

நான்கு மாடி வணிகக் கட்டடம் ஒன்றின் பராமரிப்பு என் பொறுப்பு. கீழே கடைகள், மேலே அலுவலகங்கள். வெளிச்சுவர் முழுக்கச் சொரசொரப்பான சிமென்ட் பூச்சு, ஸ்டக்கோ என்கிறார்களே அது. பூசிப் பதினாறு வருடம் ஆகிறது.

மேற்குப் பக்கம் மூன்றாம் மாடியில் ஒரு சன்னலுக்குக் கீழே பழுப்பாக ஒரு கறை. உள்ளங்கை அளவில் ஆரம்பித்தது, இப்போது ஆள் உயரத்துக்கு இறங்கிவிட்டது. போன வருடம் சுரண்டி, பட்டி பார்த்து, நல்ல பெயின்டாகவே அடித்தோம். அடுத்த மழைக்குப் பிறகு அதே இடத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. சாவியால் ஒன்றைக் குத்தினேன், உள்ளேயிருந்து தண்ணீர் வழிந்தது.

சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக மெல்லிய விரிசல்கள் ஓடுகின்றன. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. இரண்டையும் இத்தனை நாள் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உரிமையாளர் ஒரே முடிவில் இருக்கிறார்: சுவர் முழுவதையும் அதிக அழுத்தத் தண்ணீரால் கழுவிவிட்டு, ரப்பர் மாதிரி இழுபடும் வாட்டர்புரூஃப் பெயின்டைக் கனமாக அடித்துவிட வேண்டும். செய்யலாமா? இல்லை, பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் பூச வேண்டுமா?

வர்ணவாளி:

அந்த ரகப் பெயின்டை நான் நிறைய அடித்திருக்கிறேன், நல்ல சரக்குதான். மயிரிழை விரிசலை மூடும், விரிசல் கொஞ்சம் அசைந்தாலும் கிழியாது. இரண்டு கோட்டு, கனம் குறையாமல் அடித்தால் பிரச்சினை முடிந்தது. ஆனால் கழுவுகிற ஆளிடம் சொல்லிவையுங்கள்: அகலமாக விசிறியடிக்கும் முனை, குறைந்த அழுத்தம். ஊசி முனையைப் பிடித்தால் பூச்சின் மேல்தோலே உரிந்து வந்துவிடும்.

பழைய கரணை:

தம்பி, பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். கொப்புளத்துக்குள் தண்ணீர் இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தண்ணீர் பெயின்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகவில்லை. வேறு எங்கோ நுழைந்து, பூச்சுக்குப் பின்னால் இறங்கி, வெளியே வர வழி தேடிப் பெயின்டைத் தள்ளுகிறது. மேலே இன்னொரு ரப்பர் தோலைப் போர்த்தினால் அதற்கு இருக்கிற வழியும் அடைபடும்.

நான் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் இது. தனியாக வேலை எடுக்க ஆரம்பித்த காலத்தில் ஒரு அலுவலகக் கட்டடத்துக்கு இதையேதான் செய்தேன். பளபளவென்று இருந்தது, பாராட்டுக்கூடக் கிடைத்தது. இரண்டாவது மழைக்காலம் முடிந்து ஒரு காலையில் கதவு அகலத்துக்கு ஒரே பாளமாகப் பூச்சு பெயர்ந்து கீழே நின்ற வண்டிமேல் விழுந்தது. ஆள் இல்லாததால் பிழைத்தேன். பாளத்தைப் புரட்டிப் பார்த்தால் பின்பக்கம் பச்சைப் பாசி.

அதனால் முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள். மரச்சுத்தியலோ கரணையின் கைப்பிடியோ போதும். பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிற மாதிரிதான், காதுக்குத் தெரிந்துவிடும். பூச்சு சுவரைப் பிடித்திருந்தால் கெட்டியான சத்தம். விட்டிருந்தால் பொக்கென்று கேட்கும். பொக்கு கேட்ட இடத்தைச் சாக்பீஸால் வளைத்துக் குறியுங்கள். நடைபாதைக்கு நேர் மேலே பெரிய வட்டம் விழுந்தால் அன்றைக்கே கீழே கயிறு கட்டி ஆட்களைத் தள்ளி நடக்கவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

விரிசலுக்கு வருவோம். ஏடிஎம் அட்டையின் கனம் முக்கால் மில்லிமீட்டர் சுமார். அது நுழையாத விரிசலுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போவது பெரும்பாலும் பூச்சு காயும்போது சுருங்கியதுதான், மூலைதான் இழுவிசை குவியும் இடம். ஆனால் விரிசல் செங்கல் வரியைப் பிடித்துப் படிக்கட்டு மாதிரி இறங்கினாலோ, ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாக விரலில் தட்டினாலோ, அது பூச்சின் நோயே இல்லை. அஸ்திவாரம் இறங்குகிறதா என்று பொறியாளர்தான் வந்து பார்க்க வேண்டும். ஐயமாக இருந்தால் விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லையும் பசை போட்டு ஒட்டிவையுங்கள். சில்லு உடைந்தால் விரிசல் இன்னும் அசைகிறது.

இனிமேல்தான் கறை. தோட்டத்துக் குழாயை எடுங்கள். உள்ளே ஒரு ஆள் டார்ச்சோடு நிற்கட்டும். சன்னலுக்குக் கீழே உள்ள சுவரில் மட்டும் பதினைந்து நிமிடம் தண்ணீர் விடுங்கள். பிறகு இடது ஓரம், பிறகு வலது ஓரம், கடைசியாகத்தான் மேல் ஓரம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மேலே ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எது ஓட்டை என்று கடைசிவரை தெரியாது.

அளவுகோல்:

பெரியவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தட்டிப் பார்க்கும் முன் அது உண்மையிலேயே சிமென்ட் பூச்சுதானா என்று பாருங்கள். தெர்மோகோல் பலகை ஒட்டி, மேலே வலை வைத்து மெல்லியதாகப் பூசும் செயற்கை ஸ்டக்கோவும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அது நல்ல நிலையில் இருந்தாலும் பொக்கென்றுதான் கேட்கும், கட்டை விரலால் அழுத்தினால் லேசாக அமுங்கும். அதில் அழுத்தத் தண்ணீரை நினைக்கவே கூடாது. பழுதுபார்க்கும் முறையும் வேறு.

சாவிக்கொத்து:

சிமென்ட் பூச்சுதான், அமுங்கவில்லை. பால்கனியிலிருந்தும் ஏணியிலிருந்தும் எட்டுகிற வரை தட்டினேன். சன்னலுக்குக் கீழே மேசை அளவுக்குப் பொக்கு. கீழே கயிறு கட்டிவிட்டேன், ஒரு கடைக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

தண்ணீர்ச் சோதனையில் கீழ்ச் சுவரில் ஒன்றும் இல்லை. இடது ஓரத்தில் ஒன்பதாவது நிமிடம் உள்ளே சட்டத்தின் மூலையில் ஒரு சொட்டு நின்றது, பிறகு ஒழுகவே ஆரம்பித்தது. அந்த ஓரத்தில் சட்டத்துக்கும் பூச்சுக்கும் நடுவே இடுக்கை அடைத்திருக்கும் ரப்பர் மாதிரிப் பசையை, அதாவது சீலண்டை, நகத்தால் இழுத்தேன், ஒரு முழ நீளத்துக்கு நாடா மாதிரி கையோடு வந்தது. சட்டத்தில் ஒட்டியிருக்கிறது, பூச்சின் பக்கம் விட்டுப்போயிருக்கிறது.

இன்னொன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது. சன்னலுக்கு அடியில் வெளியே நீட்டியிருக்கும் கல்லின் அடிப்பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்கு நீளமாக ஒரு காடி எல்லாச் சன்னலிலும் இருக்கிறது. இந்தச் சன்னலில் மட்டும் இல்லை. போன வருடம் பட்டி பார்த்தபோது ஏதோ பழுது என்று நினைத்து வழவழவென்று அடைத்திருக்கிறார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வர்ணவாளி:

அந்தக் காடியை நானும் அடைத்திருக்கிறேன். எத்தனை கட்டடத்தில் என்று கேட்காதீர்கள்.

பழைய கரணை:

வழி இரண்டும் கிடைத்துவிட்டது. காடி இருந்தால் கல்லின் அடியில் ஓடிவரும் தண்ணீர் அங்கே தடைபட்டுச் சொட்டிவிடும். இல்லாவிட்டால் அப்படியே ஒட்டிக்கொண்டு சுவருக்குத் திரும்பும், அதுதான் உங்கள் பழுப்புக் கோடு. பட்டியைச் சுரண்டி எடுத்துக் காடியைத் திறந்துவிடுங்கள்.

சீலண்டைப் பழையதன்மேல் தடவாதீர்கள். முழுவதும் அறுத்து, இடுக்கைத் தூரிகையால் தூசி தட்டி, உள்ளே நுரைக் கயிறு ஒன்றைத் திணித்து, அதன் மேல் புதுச் சீலண்ட் போடுங்கள். கயிறு எதற்கு என்றால், சீலண்ட் இரண்டு பக்கம் மட்டும்தான் ஒட்ட வேண்டும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் வெயிலில் இடுக்கு விரியும்போது இழுபட இடமில்லாமல் ஒரு பக்கம் பிய்ந்துவிடும். சீலண்டின் ஆழம் இடுக்கின் அகலத்தில் பாதி இருந்தால் சரியாக இருக்கும். பெயர்ப்பலகை, ஏசி குழாய் என்று கடைக்காரர்கள் போட்ட துளைகளையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். குழாய்த் துளை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும்.

பொக்கான இடத்தைக் கெட்டிச் சத்தம் கேட்கும் வரை கொத்தி, ஓரத்தைக் கட்டரால் நேராக வெட்டுங்கள். உள்ளே வலை இருந்து துருப்பிடித்திருந்தால் சுத்தமான கம்பி தெரியும் வரை போங்கள். சுவரை நனையுங்கள், ஆனால் பூசும் நேரத்தில் தண்ணீர் பளபளக்கக் கூடாது. ஒரே தடவையில் ஏற்றாமல், ஒரு கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் பூசி, முதல் கோட்டைச் சீப்பால் கீறிவிடுங்கள். உறுதியாக இருக்கட்டும் என்று சிமென்டை அள்ளிப் போடுகிற ஆளைப் பார்த்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். பழைய பூச்சைவிடக் கெட்டியான ஒட்டு சுருங்கும்போது பழையதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். சொரசொரப்பை முதலில் ஒரு பலகையில் போட்டுப் பழகச் சொல்லுங்கள், சுவரில் பழகினால் காலத்துக்கும் கண்ணில் குத்தும்.

ஈரச் சாக்கு போர்த்தி ஒரு வாரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு 28 நாள் பெயின்ட் வேண்டாம். புதுப் பூச்சில் காரம் அதிகம், பெயின்டைத் தின்றுவிடும். அடிக்கும்போது ஆவியை வெளியே விடும் ரகமாகப் பாருங்கள். ஒட்டுக்கு மட்டும் அடிக்காமல், பூச்சைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் இணைப்புக் கோடு வரை முழுக் கட்டத்துக்கும் அடித்தால்தான் ஒட்டுத் தெரியாது.

கைப்பிடிச் சுவர் உப்பை இப்போதைக்குக் காய்ந்த தூரிகையால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். அமிலம் வேண்டவே வேண்டாம், பூச்சையே அரிக்கும். சுவரின் மேல்பரப்பில் விரிசல் இருக்கும், மாடியேறிப் பாருங்கள்.

சாவிக்கொத்து:

ஏறிப் பார்த்தேன் ஐயா. மேல்பரப்பு நடுவில் நீளவாக்கில் விரிசல், ஏடிஎம் அட்டை தாராளமாக நுழைகிறது. கீழே தரையோரத்தையும் பார்த்தேன். ஒரு கடைக்காரர் செடிக்காக மண் கொட்டிப் பூச்சின் அடி ஓரத்தையே மூடியிருக்கிறார். அதுவும் தவறுதானே?

பழைய கரணை:

தவறுதான். பூச்சுக்குப் பின்னால் இறங்குகிற தண்ணீர் அந்த அடி ஓரத்தில்தான் வெளியேறும். மண்ணுக்கும் பூச்சின் முடிவுக்கும் நடுவே 10 சென்டிமீட்டராவது இருக்கட்டும், தளம் போட்ட இடத்தில் 5 போதும். உங்களோடு பேசாமல் இருப்பவர் கடையா அது? அப்படியானால் மண்வெட்டியை நீங்களே எடுத்துப் போங்கள்.