பிளாட்டில கறிவேப்பிலை வளர்க்கிற ஆக்கள் வாங்கோ, அனுபவத்தைச் சொல்லுங்கோ

நாலாம்மாடிக்காரி:
நாங்கள் வெள்ளவத்தைல கடல்பக்கம் இறங்கிற ஒழுங்கை ஒண்டில இருக்கிறம். பல்கனில பழைய பெயின்ட் வாளிக்குள்ள நிக்கிற கறிவேப்பிலை இப்ப என்ட தோளுக்கு வந்திட்டுது, சாடில வராது எண்டு சொல்லுற ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டோணும் போல கிடக்கு. வாளிக்கு அடில நாலைஞ்சு ஓட்டை, மணல் கலந்த மண், கொஞ்சம் கொம்போஸ்ட், நல்ல வெயில், இவ்வளவுதான். கடல்காத்துத்தான் எதிரி. மே மாசம் தென்மேல் காத்துத் துவங்கினா உப்புப் பட்டுக் கொழுந்தெல்லாம் கருகும், அதால அந்த நேரம் வாளியைச் சுவரோட ஒட்டித் தள்ளி வச்சிடுவம்.

வாளிக்குக் கீழ தட்டு வைக்கிற ஆக்கள் கவனம், டெங்கு செக் பண்ண பிஎச்ஐ (சுகாதாரப் பரிசோதகர்) வந்தா தண்ணி தேங்கின தட்டைத்தான் தேடுவார். தட்டில்லாட்டிக் கீழ்வீட்டு உடுப்புக் கொடில சொட்டும், அதுக்கும் பேச்சு விழும். நாங்கள் தட்டு நிறைய மணல் போட்டு விட்டிருக்கிறம், தண்ணி ஊறும் தேங்காது.

மரம் தழைக்கிறதுக்கு முழுக் காரணம் மாமிதான். அவ ஒருத்தரையும் இலை உருவ விடமாட்டா, கத்தரிக்கோலை எடு, நுனிக் கொப்போட வெட்டு எண்டுவா. சரியாத்தான் இருக்கு, நுனியை வெட்டினா கீழ கணுவில இருந்து ரெண்டு மூண்டு கிளை வெடிக்குது, ஒவ்வொரு ஈர்க்கா உருவிக்கொண்டிருந்தா ஒரே தடிதான் மொட்டையா மேல போகும். பூ வந்தாலும் கிள்ளிப் போடுவா. விதை வேணுமெண்டா மட்டும் ஒரு கொத்தை விடுறது, பழம் கறுத்தோடன சதையைக் கழுவிட்டு ஈரத்தோடயே நட்டிடோணும், காய வச்சு டப்பாக்குள்ள போட்ட விதையை நம்பி இருக்கேலாது.

ஒருநாள் இலைல காக்கா எச்சம் கிடக்கு எண்டு துடைக்கப் போன மகள் கத்திக்கொண்டு ஓடி வாறா, எச்சம் நடக்குதாம்! புழு அது. வளர வளரப் பச்சையாகும், தொட்டா தலைக்குப் பின்னால சிவப்பா ரெண்டு கொம்பு நீட்டி ஒரு நாத்தம் விடும். தேசிக்காய், தோடை, கறிவேப்பிலை எல்லாம் ஒரே குடும்பம், அதால தேசி மரத்தில முட்டை போடுற வண்ணத்துப்பூச்சி இதிலயும் வந்து போடும். திங்கிற இலைக்கு மருந்தடிக்க எனக்கு மனமில்லை. இப்ப மகளே பொறுக்கி ஒண்டு ரெண்டை விட்டிட்டு மிச்சத்தைக் கீழ வாசலடில நிக்கிற தேசி மரத்தில கொண்டுபோய் விடுறா, வாச்மேன் ஐயா என்ன நினைக்கிறாரோ தெரியாது.

மருதானை மொட்டைமாடி:
எங்கட வீட்டு மரம் 2022ல வச்சது. அந்த வருஷம் ஜூன்ல அரசாங்க உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்து வீட்டில பயிர் செய்யச் செல்லினாங்க தானே, வாப்பா மிளகாய், கத்தரி, வெண்டின்டு என்னென்னமோ நட்டாரு, இப்ப ஈக்கிறது கறிவேப்பிலையும் ரம்பையும் மட்டும்தான். அது ரெண்டும் இல்லாம உம்மா இறைச்சி ஆக்க மாட்டாங்க. ஒரு கேள்வி, கொழுந்து சுருண்டு போகுது, வெள்ளையா மெழுகு ஒட்டி ஈக்குது, எறும்பும் ஊருது, என்ன செய்ற?

தெஹிவளை மதிலோரம்:
நான் வளர்க்கேல்ல, பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரிட முத்தத்து மரத்தை நம்பித்தான் எங்கட அடுப்பு. மதிலுக்கு மேலால கொப்பு வரும், பதிலுக்கு எங்கட சொதி போகும். அவ விடிய கொல கெந்த எண்டு இலைக்கஞ்சி காய்ச்சுவா, சிவப்பரிசியைக் குழைய அவிச்சு, கறிவேப்பிலையை அரைச்சுப் பிழிஞ்ச சாறும் தேங்காய்ப்பாலும் கடைசில விட்டு ஒரு கொதி வந்தோடன இறக்கிடுவா, கூடக் கொதிச்சா பச்சை நிறம் போயிடும். கித்துள் கருப்பட்டியைக் கடிச்சுக் கடிச்சுக் குடிக்கிறது. நாங்கள் கோப்பை ஓரத்தில ஒதுக்கி வைக்கிற இலையை அவையள் குடிச்சே முடிக்கினம்.

நாலாம்மாடிக்காரி:
மருதானைக்கு, அது கொழுந்துச் சாறு உறிஞ்சிற ஒரு குட்டிப் பூச்சிட குஞ்சுகள், எறும்பு வாறது அது விடுற இனிப்புத் தண்ணிக்கு. சுருண்ட நுனியை வெட்டிப் பையில கட்டி எறியுங்கோ, பிறகு வேப்பெண்ணெயும் சோப் தண்ணியும் கலந்து பின்னேரத்தில அடியுங்கோ, அடிச்சா ஒரு கிழமைக்கு அந்த இலையைக் கறிக்கு எடுக்காதேங்கோ. பக்கத்தில தேசிக்காய் நிண்டா அதையும் பாருங்கோ, அதே பூச்சி அதிலயும் இருக்கும்.

தெஹிவளை, ஒதுக்கிற பிள்ளையளுக்கு மாமி வச்சிருக்கிற வழி தூள்தான். கொப்பு வெட்டுற அண்டைக்கு இலை குவிஞ்சிடும், அதை நிழலில உலத்தி, செத்தல், மல்லி, மிளகு, சீரகமெல்லாம் வறுத்து முடிய அதே சட்டில இதையும் நொறுங்கிற அளவுக்கு வறுத்து எல்லாத்தையும் மில்லுக்குக் குடுத்திடுவா, பிறகு ஆர் ஒதுக்கிறது! அதிலயும் மிஞ்சினா சம்பல். செத்தலையும் இலையையும் மொறுமொறுக்கப் பொரிச்சு, தேங்காய்ப்பூ, உப்பு, கொஞ்சம் பழப்புளியோட இடிக்கிறது, புட்டோட அது இருந்தா அண்டைக்கு நான் கறி வைக்கிறேல்ல.