அம்மாவின் மாத்திரைப் பையை மேசையில் கொட்டிய நாள்

அம்மாவுக்கு 78 வயது. பிரஷருக்கு ஒரு டாக்டர், மூட்டு வலிக்கு ஒருவர், போன வருடம் இதயச் சிகிச்சைக்குப் பிறகு இன்னொருவர். மாத்திரைகள் எல்லாம் ஒரு துணிப்பையில் கிடக்கும், அம்மாவே எடுத்துப் போட்டுக்கொள்வார், "போட்டாச்சா?" என்று கேட்பதோடு என் வேலை முடிந்துவிடும். இரண்டு மாதமாகக் கணுக்கால் வீங்கிக்கொண்டே வந்தது. நீர் பிரிவதற்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதை வாங்கப் போன இடத்தில் மருந்தாளுநர் சீட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா வீட்டில் போடுகிற எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வாருங்கள், அம்மாவையும் கூட்டி வாருங்கள். பழசு, பாதி தீர்ந்தது, வலிக்கு எப்போதாவது போடுவது, எதையும் விடாதீர்கள்" என்றார்.

மறுநாள் பையை மேசையில் கொட்டினோம். அம்மாவுக்கு விரலில் வலு இல்லாததால் அட்டையைக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு மாத்திரையாக வெட்டி வைத்திருந்தார், பல துண்டுகளில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. மருந்தாளுநர் அந்தத் துண்டுகளை ஒட்டிப்பார்ப்பதுபோல் வரிசையாக அடுக்கினார். ஒன்று நீல அட்டை, ஒன்று வெள்ளி அட்டை, இரண்டும் வேறு வேறு கம்பெனி. திருப்பிப் போட்டு, பொடி எழுத்தின் அடியில் நகத்தை வைத்துக் காட்டினார். இரண்டிலும் ஒரே பிரஷர் மருந்து, அம்லோடிபின் 5 மி.கி. பழைய டாக்டர் எழுதியது காலையில், டிஸ்சார்ஜ் ஆனபோது கொடுத்தது ராத்திரியில். டோஸ் கூடினால் காலில் வீக்கம் வருவது இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவாம். அவராக எதையும் நிறுத்தச் சொல்லவில்லை, எங்கள் முன்னாலேயே டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினார். ஒன்று நின்றது, நீர் மாத்திரை வாங்கவே இல்லை, சில வாரங்களில் வீக்கம் வடிந்துவிட்டது.

அம்மா ஒரு தவறும் செய்யவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டு சீட்டில் எழுதியிருந்ததையும் ஒரு வேளைகூட விடாமல் போட்டிருக்கிறார்.

*

உங்கள் பதிவைப் படித்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவருக்குத் தைராய்டு மாத்திரை. ஒவ்வொரு பரிசோதனையிலும் அளவு சரியாக இல்லை, இரண்டு முறை டோஸைக் கூட்டினார்கள். மருந்துக்கடையில் இருந்த பெண் மட்டும்தான் "எதோடு சேர்த்துப் போடுகிறீர்கள், ஐயா?" என்று கேட்டார். எல்லாம் ஒரே வாயில்தான், கால்சியம் உட்பட! கால்சியமும் இரும்புச்சத்தும் தைராய்டு மருந்தை உடம்பில் சேரவிடாதாம், நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பிட வேண்டும். அப்பாவுக்குக் காது மந்தம், புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுவார். அதைக் கவனித்து அந்தப் பெண் கவுண்டரை விட்டு வெளியே வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "இப்போது நீங்கள் எனக்குச் சொல்லுங்கள், காலையில் முதலில் எது?" என்று அவர் வாயாலேயே சொல்லவைத்தார். கால்சியம் ராத்திரிக்கு மாறியது. அடுத்த பரிசோதனை பார்த்துவிட்டு டாக்டர் டோஸைக் குறைத்தார்.

*

நான் மருந்தாளுநர். "சரியாகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் எல்லாருமே ஆமாம் என்பார்கள், அதனால் நான் அதைக் கேட்பதே இல்லை. "எப்படிப் போடுகிறீர்கள், காட்டுங்கள்" என்பேன்.

மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மருந்து. நான்கு வாரத்துக்கு நான்கு மாத்திரை வாங்கிப்போன பெரியவர் ஒருவர் ஐந்தாம் நாளே தீர்ந்துவிட்டது என்று வந்து நின்றார். வாயில் புண் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. எலும்பு மஜ்ஜையைப் பாதித்து உயிருக்கே ஆபத்தாகலாம், அதனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு நேராக மருத்துவமனைக்கு அனுப்பினேன். நல்லவேளையாகத் தேறிவிட்டார். அன்றிலிருந்து "வாரம் ஒரு முறை" என்று நான் எழுதுவதில்லை, "செவ்வாய் மட்டும்" என்று அவர்கள் சொல்லும் கிழமையைப் பெரிதாக எழுதி ஒட்டுகிறேன்.

அப்புறம், சீட்டில் இல்லாத மருந்துகளைக் கட்டாயம் சொல்லுங்கள். சளிக்கும் தூக்கத்துக்கும் தாங்களாக வாங்கிப் போடும் குளோர்பெனிரமைன், டைபென்ஹைட்ரமைன் போன்றவை வயதானவர்களுக்குக் குழப்பம், சிறுநீர் அடைப்பு, தடுமாறி விழுவது எல்லாம் கொண்டுவரும். முதியோர் தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்கு 1991-ல் மார்க் பியர்ஸ் தொடங்கிய பட்டியல் ஒன்று உண்டு, அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதைப் புதுப்பித்து வருகிறது, இவை அதில் இருக்கின்றன. வலிக்குப் போடும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக்கும் அப்படித்தான், சில பிரஷர் மாத்திரையோடும் நீர் மாத்திரையோடும் சேர்ந்தால் சிறுநீரகத்தைத் தாக்கும்.

*

முதலில் எழுதியவள்தான். நாளுக்கும் வேளைக்கும் அறை பிரித்த ஏழு நாள் மாத்திரை டப்பா வாங்கலாமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். நாங்கள் வாங்கினோம், ஆனால் எல்லா மாத்திரையையும் அதில் போடக்கூடாது. நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை அதன் பாட்டிலிலேயே இருக்க வேண்டும், ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் டாபிகாட்ரான் கேப்சூலையும் முன்கூட்டியே பிரித்து வைக்கக்கூடாது. எது போகலாம், எது கூடாது என்று எங்கள் மருந்தாளுநரே பிரித்துக் கொடுத்தார்.

ஞாயிறு தோறும் அம்மாவே நிரப்புகிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். போன வாரம் புதன் ராத்திரி அறை மட்டும் அப்படியே இருந்தது. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். இல்லை, எழுந்தபோது தலை சுற்றியது, அதனால் போடவில்லை என்றார். நாளும் நேரமும் குறித்து வைத்திருக்கிறேன், நாளைக்கு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டப்போகிறோம்.