டி3 பாக்கெட்டும் கே2 பஞ்சாயத்தும்

தாமிரபரணிக்காரன்:
காலையில் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ. "60,000 யூனிட் வைட்டமின் டி3 தூள் பாக்கெட்டை வெறுமனே குடித்தால் கால்சியம் ரத்தக்குழாயில் போய்ப் படியும். கூடவே வைட்டமின் கே2, மெக்னீசியம் சேர்த்துக்கொண்டால் எத்தனை போட்டாலும் ஒன்றும் ஆகாது" என்று ஒருவர் அளந்துவிடுகிறார். முப்பது வருஷம் மருந்துக்கடை கவுன்ட்டரில் நின்றவன் நான். ஆடியோவில் முதல் பாதி பூச்சாண்டி, இரண்டாம் பாதி ஆபத்து. அந்தப் பாக்கெட்டை வாரம் ஒன்று, எட்டு வாரம் என்றுதான் பெரும்பாலும் எழுதித் தருவார்கள். வாரம் ஒன்று. அதைச் சொல்லாமல் கே2 புராணம் எதற்கு?

இளவெயில்:
ஆடியோவை நானும் கேட்டேன் சார். என்ன தப்பு? குடலிலிருந்து கால்சியத்தை இழுத்துக் கொடுப்பது டி. அதை எலும்பில் உட்கார வைக்கும் ஆஸ்டியோகால்சின் புரதத்தை வேலை செய்ய வைப்பது கே2. டியை ஈரலிலும் கிட்னியிலும் பக்குவப்படுத்த மெக்னீசியம் வேண்டும். நான் இரண்டு வருஷமாகத் தினமும் 10,000 யூனிட், கூட 100 மைக்ரோகிராம் கே2, ராத்திரி மெக்னீசியம் கிளைசினேட். போன மாசம் ரத்தத்தில் டி 84. எங்கள் ஆபீசில் ஒருத்தரும் 20 தாண்டவில்லை.

கடலைமிட்டாய்:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஹை டோஸ் என்றால் எவ்வளவுக்கு மேல்?

தாமிரபரணிக்காரன்:
84 என்பது பரீட்சை மார்க் இல்லை தம்பி, ஃபிரேம் போட்டு மாட்ட. கனடாவில் கால்கரி நகரத்தில் 400, 4,000, 10,000 யூனிட் என்று மூன்று பிரிவாக மூன்று வருஷம் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் முடிவு வந்தது. 400 சாப்பிட்டவர்களைவிட 10,000 சாப்பிட்டவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைவு. எலும்புக்காகச் சாப்பிட்டு எலும்பே இளைத்த கதை.

இளவெயில்:
அவர்களுக்கு கே2 கொடுத்தார்களா? அதை மட்டும் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் வாரம் 60,000ஐ ஏழால் வகுத்துப் பாருங்கள். தினம் 8,571. டாக்டர் எழுதினால் மருந்து, நான் சாப்பிட்டால் விஷமா?

தாமிரபரணிக்காரன்:
டாக்டர் எழுதுவது எட்டு வாரத்தில் நின்றுவிடும். நீங்கள் இரண்டு வருஷமாக நிறுத்தவில்லை. கே2 கொடுத்துப் பார்த்ததும் உண்டு. டென்மார்க்கில் 365 ஆண்களை வைத்து, ஒரு பாதிக்குத் தினமும் 720 மைக்ரோகிராம் கே2வும் டியும் இரண்டு வருஷம் கொடுத்தார்கள். உங்கள் 100ஐப் போல ஏழு மடங்கு. இதய வால்வில் கால்சியம் படியும் வேகம் குறையவில்லை. 2022இல் வந்தது.

இளவெயில்:
அவர்களுக்கு ஏற்கெனவே படிந்திருந்தது சார். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்.

செக்கடித்திண்ணை:
தாமிரபரணி ஐயாவுக்கு இப்போது டென்மார்க் இனிக்கிறது. போன வருஷம் செக்கு எண்ணெய் சண்டையில் "வெள்ளைக்காரன் ஆராய்ச்சி நம் உடம்புக்குப் பொருந்தாது" என்று எழுதியது யார்? நான் மறக்கவில்லை.

தாமிரபரணிக்காரன்:
அது வேறு பேச்சு. கடலை எண்ணெய் எந்தச் சூட்டில் புகையும் என்பது பற்றிச் சொன்னது. பாதியை வெட்டி ஒட்டாதீர்கள்.

செக்கடித்திண்ணை:
எல்லாப் பேச்சும் வேறு பேச்சுதான் உங்களுக்கு. நம் பாட்டிமார் மாத்திரையா விழுங்கினார்கள்? பழைய சோற்றிலேயே கே2 இருந்தது.

இளவெயில்:
கே2வில் எம்கே-4, எம்கே-7 என்று வகைகள் உண்டு. எம்கே-7 கொட்டிக் கிடப்பது ஜப்பான்காரர்களின் நாட்டோவில், அதாவது நொதித்த சோயாவில். பழைய சோற்றில் யார் அளந்து பார்த்தது?

செக்கடித்திண்ணை:
அவன் நூல் நூலாக இழுபடும் ஊசல் சோயாவைத் தின்றால் விஞ்ஞானம், நாம் சின்ன வெங்காயம் கடித்துக் கஞ்சி குடித்தால் மூடநம்பிக்கை. நல்ல நியாயம்!

கடலைமிட்டாய்:
ஹை டோஸ் எவ்வளவு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. சரி, அது போகட்டும். என் மாமியாருக்கு வால்வு மாற்றியிருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் சாப்பிடுகிறார். அதே ஆடியோவைக் கேட்டுவிட்டு கே2 வாங்கி வா என்கிறார். கொடுக்கலாமா?

தாமிரபரணிக்காரன்:
வேண்டாம்மா. வைட்டமின் கேயின் வேலையைத் தடுத்துத்தான் அந்த மாத்திரையே வேலை செய்கிறது. ஒரு கையால் பூட்டி மறு கையால் திறப்பது மாதிரி ஆகிவிடும். வால்வில் ரத்தம் உறைந்தால் விளையாட்டில்லை. இதய டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். கிட்னி பலவீனமானவர்களுக்கு மெக்னீசியமும் அப்படித்தான், வெளியேறாமல் தங்கிவிடும். ஆடியோக்காரர் இதில் ஒரு வார்த்தை சொன்னாரா?

இளவெயில்:
அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்? விதிவிலக்கைக் காட்டி விதியை மறுக்காதீர்கள். நீங்கள் டாக்டரா?

தாமிரபரணிக்காரன்:
டி.ஃபார்ம்., மருந்தாளுநர் டிப்ளமோ. கம்பவுண்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பவுண்டர் பார்த்ததைச் சொல்கிறேன். ரிட்டையர் ஆன வாத்தியார் ஒருவர், மாசம் முடிவதற்குள் காலி உறைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி எடுத்து வந்து "இதேதான், இன்னும் பத்து கொடு" என்றார். எண்ணினேன், 24. சீட்டில் 'வாரம்' என்று கிறுக்கியிருந்ததை அவர் 'தினம்' என்று படித்திருக்கிறார். 14 லட்சத்து 40 ஆயிரம் யூனிட்! நின்ற இடத்திலேயே இரண்டு முறை தண்ணீர் வாங்கிக் குடித்தார். வாந்தி, மலச்சிக்கல், ராத்திரி பத்து முறை எழுந்து போகிறேன் என்றார். ஆட்டோ பிடித்து அனுப்பி வைத்தேன். கால்சியம் 14. பத்தரைக்குள் இருக்க வேண்டியது. டி கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், நிறுத்தினாலும் இறங்க வாரக்கணக்காகும். இதில் வேடிக்கை, அவர் பையன் பெங்களூரிலிருந்து கே2வும் மெக்னீசியமும் அனுப்பியிருந்தான். மூன்றையும் சேர்த்தே சாப்பிட்டிருக்கிறார். குடல் இழுக்கும் கால்சியத்தை கே2 எங்கே தடுத்தது?

இளவெயில்:
எந்த கே2? எம்கே-4ஆ, எம்கே-7ஆ?

தாமிரபரணிக்காரன்:
மனுஷன் படுக்கையில் கிடந்தார் என்கிறேன், இவர் இனிஷியல் கேட்கிறார்.

இளவெயில்:
எம்கே-4 சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடும் சார். அதனால்தான் கேட்கிறேன்.

செக்கடித்திண்ணை:
வாத்தியார் எந்த எண்ணெய் சாப்பிட்டார் என்றும் விசாரியுங்கள்.

தாமிரபரணிக்காரன்:
நீங்கள் எண்ணெயிலேயே இருங்கள். கடைசியாகச் சொல்கிறேன்: வாரம் ஒன்று.

இளவெயில்:
மூன்றாவது தடவையாகக் கடைசியாகச் சொல்கிறீர்கள். எம்கே-4ஆ, எம்கே-7ஆ?

கடலைமிட்டாய்:
மாமியார் அதற்குள் ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டாராம். கேன்சல் செய்வது எப்படி என்று யாருக்காவது தெரியுமா?