பெந்திமெந்தோ: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

உழவர் வாழ்வை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய யதார்த்த ஓவியர்களைப் பற்றி ஒரு பாடம் மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ‘பெந்திமெந்தோ’வில் மாட்டிக்கொண்டேன். ஓவியர் வரைந்ததை மாற்றி மேலே பூசிவிடுகிறார். காலம் போகப் போகப் பூச்சில் ஒளி ஊடுருவி, மறைத்தது மங்கலாகத் தெரிகிறது. மனம் வருந்தி மாறுதல் என்பது இத்தாலிய மூலம். இப்போதைக்கு ‘முன்வரைவுத் தடம்’ என்று போட்டிருக்கிறேன்.

— மொழிபெயர்ப்பாளர்

அம்மா,

வருத்தம் எங்கே போயிற்று? ‘கழிவிரக்கம்’ இருக்கிறதே! இரங்குதல் வருந்துவது மட்டுமல்ல, ஒலிப்பதும்தான். முரசு இரங்கும் என்பார்கள். பிரெஞ்சு ஓவியர் மியே வரைந்த ‘ஏஞ்சலஸ்’ உங்கள் பாடத்தில் இருக்குமே, வயலில் அந்த ஆணும் பெண்ணும் செபத்துக்குத் தலைகுனிவது தேவாலய மணி இரங்குவதால்தானே? தவிர, முன்வரைவு என்றால் கோட்டுப்படம் என்றல்லவா எண்ணுவார்கள். அதற்குச் சங்கப்பாட்டிலேயே ‘புனையா ஓவியம்’ உண்டு.

— பழஞ்சொல் பித்தன்

ஐயா, வகுப்பில் ‘இந்தப் படத்தில் கழிவிரக்கம் தெரிகிறது’ என்றால் பிள்ளைகள் அதை அந்தப் பெண்ணின் முகத்தில் தேடுவார்கள். ‘மாற்றுத் தடம்’ எனலாமா? சாலைப் பலகை மாதிரி இருக்கிறது. சரி, ‘திருத்தத் தடம்’. அப்புறம், படத்தின் பெயரை ‘மூவேளைச் செபம்’ என்றே எழுதுங்கள். தமிழ்க் கத்தோலிக்கர் சொல்வது அதுதான்.

— ஓவிய ஆசிரியர்

திரிகால செபம் என்பதும் அதுவே. அதை இங்கே கிளறினால் வெள்ளிக்கிழமை போய்விடும்.

எனக்கு இடிப்பது வேறு. அந்தப் படத்தில் கூடைக்கருகே சவப்பெட்டி மறைந்திருப்பதாக ஸ்பானிய ஓவியர் டாலி வாதாடினார். அவர் வற்புறுத்தி பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் எக்ஸ்ரே எடுத்தபோது பெட்டி போன்ற ஒரு வடிவம் தெரிந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியாத அதைத் தடம் என்பீர்களா? அது சவப்பெட்டிதான் என்றும் முடிவாகவில்லை. இன்னொரு மாற்றமோ எல்லார் கண்ணெதிரிலும் நிற்கிறது. முதலில் இந்தப் படம் உருளைக்கிழங்கு விளைச்சலுக்கான வேண்டுதல். வரையச் சொன்ன அமெரிக்கர் வாங்க வராததால், 1859இல் மியே தேவாலயக் கோபுரத்தைச் சேர்த்துப் பெயரையும் மாற்றினார். மணி கேட்டதும் வயல்வேலையை நிறுத்தி, இறந்தவர்களுக்காக வேண்டச் சொன்ன தன் பாட்டியை நினைத்தே வரைந்ததாக 1865இல் எழுதியும் இருக்கிறார். பாடத்தில் பாட்டியை விட்டுவிட்டு எக்ஸ்ரேயை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

— ஓரமாக நிற்பவன்

பாட்டியைச் சேர்த்துவிட்டேன், நன்றி. கண்ணுக்குத் தெரிந்தாலும் எக்ஸ்ரேயில் தெரிந்தாலும் பெந்திமெந்தோ என்றே பலர் எழுதுகிறார்கள். ஆகவே இரண்டுக்கும் ‘திருத்தத் தடம்’. மூன்று பேர் சரி என்கிறார்கள். கோப்பை அனுப்பிவிட்டேன்.

— மொழிபெயர்ப்பாளர்

நடுவிலுள்ள ‘தத்’தை யாராவது விழுங்கினால் ‘திருத்தடம்’ ஆகிவிடும், பிறகு படத்தைச் சுற்றி வந்து கும்பிட வேண்டியதுதான். என் வாக்கு இன்னமும் கழிவிரக்கத்துக்கே.

— பழஞ்சொல் பித்தன்