புதுப்பிப்பு: சர்வரின் சீரியல் போர்ட் பேசிவிட்டது

ரேக் சர்வரின் பின்பக்கம் இருக்கும் ஆர்ஜே45 சீரியல் போர்ட்டில் (நெட்வொர்க் சாக்கெட் வடிவில் இருக்கும், சர்வரோடு எழுத்து வரிகளில் பேச உதவும் போர்ட்) லேப்டாப்பை இணைத்தால் திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். மல்டிமீட்டரை எடுத்து அளக்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி. கோளாறு போர்ட்டில் இல்லை, ஆர்ஜே45-ஐ லேப்டாப் பக்கத்து ஒன்பது பின் இணைப்பாக மாற்ற நானே கம்பிகளைச் சொருகி அமைத்த டிபி9 அடாப்டரில்தான்.

இந்த சீரியல் போர்ட் பின்பற்றும் ஆர்எஸ்-232 என்ற மின்தரத்தில், எதுவும் அனுப்பாதபோது டிரான்ஸ்மிட் (அனுப்பும்) பின், கிரவுண்டை (பொதுவான பூஜ்ய வோல்ட் பின்) ஒப்பிட மைனஸ் வோல்ட்டில் நிற்கும். சர்வரின் 3ஆம் பின்னில் மைனஸ் 5.7 வோல்ட் வந்தது, 6ஆம் பின்னில் கிட்டத்தட்ட பூஜ்யம். அப்படியென்றால் 3 அனுப்புவது, 6 வாங்குவது. 4, 5 இரண்டும் கிரவுண்ட். நானோ அந்த 3-ஐ டிபி9-இன் 3-க்கே கொடுத்திருந்தேன். அதுவும் லேப்டாப் அனுப்பும் பின். இரண்டு பக்கமும் பேசுகிறது, கேட்க ஆளில்லை!

சர்வரின் 3-ஐ டிபி9-இல் லேப்டாப் வாங்கும் 2-க்கும், 6-ஐ 3-க்கும், கிரவுண்டை 5-க்கும் மாற்றினேன். உடனே எழுத்து வந்தது, ஆனால் எல்லாம் குப்பை. சரி, வேகம் பொருந்தவில்லை என்று லேப்டாப்பில் நொடிக்கு 9600 பிட்டிலிருந்து 115200 பிட்டுக்கு மாற்றியதும் லாகின் வரி தெளிவாக வந்தது. அதைப் பார்த்தபோது வந்த நிம்மதி இருக்கிறதே!

அப்புறம் ஒன்று: பக்கத்திலேயே அதே வடிவத்தில் நெட்வொர்க் மேனேஜ்மென்ட் போர்ட்டும் இருக்கிறது. சொருகும் முன் மேலே அச்சிட்டிருக்கும் குறியைப் பாருங்கள்.