நாலாவது குறுக்குத் தெரு குழு: செவலை போட்ட குட்டிகள்

*கணேசன் சார் (பேங்க்), காலை 7:12*
அனைவருக்கும் வணக்கம். ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் அந்தச் செவலை நாய் ஐந்து குட்டி போட்டிருக்கிறது. நேற்று சாயந்திரம் மாவு பாக்கெட் கொண்டுவந்த பையனைத் தெருமுனை வரை துரத்தியது. வண்டி வைத்துப் பிடித்து, ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் விட ஆள் இருக்கிறது. வீட்டுக்கு 200 ரூபாய் போட்டால் முடிந்தது. யார் யார் சம்மதம்?

*தீபா 9ஆம் வீடு*
நான் சம்மதம். என் மகன் டியூஷனுக்கு அந்த வழியாகத்தான் சைக்கிளில் போகிறான். "அது ஒன்றும் செய்யாது" என்று சொல்கிறவர்கள் யாரும் அவன்கூடப் போவதில்லை.

*ரவி மாடி வீடு*
நானும் சம்மதம். ஜிபே நம்பர் போடுங்கள் சார்.

*சரோஜா டீச்சர்*
கணேசன், குட்டி போட்ட நாய் துரத்தத்தான் செய்யும். அந்தப் பையன் வண்டியைக் குட்டிகள் தலைமாட்டிலேயே கொண்டுபோய் நிறுத்தினான். மாடியில் துணி காயப்போடும்போது பார்த்தேன். கடிக்கவில்லை, விரட்டிவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

*கணேசன் சார் (பேங்க்)*
டீச்சர், உச்ச நீதிமன்றமே எல்லாத் தெருநாயையும் பிடிக்கச் சொல்லிவிட்டது. நீங்கள் என்ன புதிதாக?

*பிரபு வக்கீல்*
அது பாதிக் கதை சார். 2025 ஆகஸ்ட் 11 உத்தரவு டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும். ஆகஸ்ட் 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும். வெறி பிடித்த நாய்க்கும் ஆளைக் கடிக்கிற சுபாவம் உள்ள நாய்க்கும் மட்டும் விலக்கு. நவம்பர் 7ஆம் தேதி வந்த உத்தரவு பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றுவதற்கு. நம் தெருவில் அப்படி எதுவும் கிடையாது.
தனியாக ஆள் வைத்து ஏரிக்கரையில் விடுவது 2023ஆம் ஆண்டு நாய்க் கருத்தடை விதிகளுக்கே விரோதம். 200 ரூபாய் போடுகிற எல்லோரும் அதில் பங்காளிகள்.

*ரவி மாடி வீடு*
அப்போ நான் வாபஸ்.

*தீபா 9ஆம் வீடு*
சட்டம் எல்லாம் சரி அண்ணா. என் பிள்ளைக்கு என்ன வழி?

*ஜெஸி சிஸ்டர்*
உங்கள் பயம் நியாயம் தீபா. நான் தினமும் நாய்க்கடி ஊசி போடுகிற அறையில் நிற்கிறவள். கடித்தாலும் சரி, பல் பட்டுக் கீறினாலும் சரி, முதல் வேலை குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது. இன்னும்கூடக் காயத்தில் மிளகாய்ப் பொடி, காப்பித்தூள், சுண்ணாம்பு அப்பிக்கொண்டு வருகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். அன்றைக்கே முதல் ஊசி. அப்புறம் 3, 7, 28ஆம் நாட்களில். ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்பு மருந்தும் போடவேண்டும். ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை.
இவ்வளவும் தெரிந்துதான் சொல்கிறேன், செவலையை விரட்டாதீர்கள். அதை ஏரிக்கரையில் விட்டால் தெரு காலியாகவா கிடக்கும்? கோழிக்கடைக் கழிவு அந்த மூலையில் கொட்டுகிறவரை பக்கத்துத் தெருவிலிருந்து வேறு நாய் வரும். அது ஊசி போட்டதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. நம் தெருவின் இன்னொரு நாய் வெள்ளையன் காதைப் பாருங்கள், ஓரத்தில் சின்ன வெட்டு இருக்கும். கருத்தடை ஆன நாய் என்று அடையாளம். அவனால் யாருக்காவது தொந்தரவு உண்டா?

*கணேசன் சார் (பேங்க்)*
முன்பெல்லாம் மாநகராட்சியே பிடித்துக்கொண்டு போய்விடும். இந்தத் தலைவலி இல்லை.

*சரோஜா டீச்சர்*
கொண்டுபோய் என்ன செய்தார்கள் தெரியுமா? மின்சாரம் வைத்துக் கொன்றார்கள். கம்பிக் கூண்டு வண்டி பள்ளிக்கூடத் தெருவுக்கு வந்தால் பிள்ளைகள் ஜன்னலில் ஏறி நின்றுவிடுவார்கள், பாடம் நடத்த முடியாது. அத்தனை வருஷம் கொன்றும் சென்னையில் நாய் குறையவில்லை. கருத்தடைதான் வழி என்று பிராணி நல அமைப்பான ப்ளூ கிராஸ் 1964லிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 ஆயிற்று.

*கமலா மாமி*
(மாமி சொல்லச் சொல்லப் பேத்தி டைப் செய்கிறேன்)
எனக்கு நாய் என்றாலே ஆகாது. மடி, ஆசாரம் என்று இருந்தவள். இவர் போன பிறகு, காலை ஐந்தரைக்குப் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால் செவலை கேட்டுக்கு வெளியே நிற்கும். எனக்கு முட்டி மடங்காது, படியில் உட்காரவே கொஞ்ச நேரம் பிடிக்கும். நான் உட்கார்ந்து முடிக்கும்வரை பொறையில் வாய் வைக்காது. இரண்டாக உடைத்துக் கொடுத்தால் ஒரு பாதியைத் தின்றுவிட்டு, இன்னொரு பாதியைக் கவ்விக்கொண்டு போகும். அன்றைக்கு நான் வாயைத் திறந்து பேசுகிற முதல் ஜீவன் அதுதான். சில நாள் மத்தியானம் வரைக்கும் வேறு யாரும் கிடையாது. பேத்தி சனி, ஞாயிறுதானே வருகிறாள்.
ஒரு சந்தேகம். அதன் முதுகில் என்ன காயம்?

*மஞ்சுளா 14ஆம் வீடு*
வெந்நீர் மாமி. யாரோ ஊற்றியிருக்கிறார்கள். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து, சுற்றி முடி ஒட்டிக்கொண்டு கிடந்தது. கால்நடை டாக்டரிடம் போட்டோ காட்டி களிம்பு வாங்கிவந்தேன். தொட்டால் உடம்பெல்லாம் நடுங்குகிறது, ஆனாலும் என் கையைக் கடிக்கவில்லை.
ராத்திரி 2 மணிக்கு ஆபீஸ் வண்டி என்னை மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து என் வீட்டு கேட் வரை கூட வருவது அதுதான். நாலடி முன்னால் போகும், நின்று திரும்பிப் பார்க்கும், மறுபடி நடக்கும். நான் உள்ளே போய் விளக்கைப் போட்ட பிறகுதான் போகும்.

*ரவி மாடி வீடு*
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

*பிரபு வக்கீல்*
தகவலுக்காக: 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். ஒரு பிளேட் பஜ்ஜி விலை. ஆனால் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவு வேறு. பிராணியைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ ஐந்து வருஷம் வரை சிறை.

*சரோஜா டீச்சர்*
யார் ஊற்றியது என்ற விசாரணை இங்கே வேண்டாம். இனிமேல் யாரும் ஊற்றவேண்டாம், அவ்வளவுதான். சூடுபட்ட நாய் அப்புறம் யார் கையைத் தூக்கினாலும் பல்லைக் காட்டும். ஊற்றியவர் மாடியில் இருப்பார். அந்தப் பல் தீபா மகன் காலில்தான் படும்.

*தீபா 9ஆம் வீடு*
ம்... அது உண்மைதான் டீச்சர். இந்தக் கோணத்தில் நான் பார்க்கவில்லை. ஆனால் சோறு வைக்கிறவர்கள் சரியாக என் வாசலுக்கு எதிரில் வைக்கிறார்கள். அதுவும் பிள்ளைகள் பள்ளி விட்டு வருகிற நேரத்தில். அதையும் பேசுங்கள்.

*மஞ்சுளா 14ஆம் வீடு*
நியாயம் அக்கா. பிள்ளைகள் விளையாடுகிற இடம், மாடிப்படி, நுழைவாசல் பக்கம் சோறு வைக்கக்கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. காலி மனைச் சுவரோரம் வைக்கலாமா? அந்த இடத்தை முறைப்படி ஒதுக்கித் தரச்சொல்லி வார்டு ஆபீஸிலும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். காலை ஆறுக்கு முன், ராத்திரி பத்துக்கு மேல். தின்று முடித்ததும் இலையையும் தட்டையும் நானே எடுத்துவிடுகிறேன். பிரியாணி எலும்பு மட்டும் யாரும் போடாதீர்கள், வெந்த எலும்பு உடைந்து தொண்டையைக் குத்தும்.

*ஜெஸி சிஸ்டர்*
மாநகராட்சிப் புகார் எண் 1913க்கு அழைத்துப் பதிந்துவிட்டேன். குட்டிகள் பால் மறந்த பிறகுதான் தாயைக் கருத்தடைக்குப் பிடிக்கவேண்டும். இப்போது பிடித்தால் ஐந்தும் செத்துப்போகும். குட்டிகளுக்கு மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. தீபா, தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். ட்ரான்ஸ்ஃபார்மர் கிட்டே வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கி, எதிர் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகட்டும். அதன் கண்ணை உற்றுப் பார்க்க வேண்டாம், ஓடவும் வேண்டாம்.

*தீபா 9ஆம் வீடு*
சரி சிஸ்டர். இரண்டு நாள் நானே கூடப் போகிறேன்.

*கணேசன் சார் (பேங்க்)*
எனக்கு ஒன்றும் நாய் ஆகாது என்றில்லை. எங்கள் அப்பா தோட்டத்தில் வெள்ளை வெளேரென்று ராஜபாளையம் நாய் இருந்தது. அவர் இறந்தபோது இரண்டு நாள் கட்டிலுக்கு அடியை விட்டு வரவில்லை. அது வளர்ப்பு நாய், இது வேறு.

*கமலா மாமி*
இதற்குக் கட்டில் இல்லை கணேசா. அவ்வளவுதான் வித்தியாசம்.

*ரவி மாடி வீடு*
குட்டியில் ஒன்று ஆணாக இருந்தால் என் மச்சான் வீட்டுக்குக் கேட்கிறார்கள். செங்கல்பட்டு பக்கம், சொந்த வீடு, காம்பவுண்டு இருக்கிறது.

*மஞ்சுளா 14ஆம் வீடு*
சங்கிலியில் கட்டியே போடமாட்டார்கள் என்றால் தரலாம். நேரில் பார்த்துப் பேசிவிட்டுத்தான் தருவேன்.

*கணேசன் சார் (பேங்க்)*
சரி, வண்டிக்காரனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஒன்று, அந்த வெள்ளையன் தினமும் என் கார் பானெட் மேல் ஏறிப் படுக்கிறான். கருத்தடை ஆன நாய் என்பதற்காக அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

*பிரபு வக்கீல்*
அதற்கு விதி எதுவும் கிடையாது சார். கவர் வாங்கிப் போடுங்கள்.